நாற்பத்தொரு தவளை இரவல்

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. மறைப்பானேன்.

போன வைகாசியில் கொல்லிமலையில் சோளக்காடு என்கிற ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அரைக் கிலோ மிளகு வாங்கினேன். நான் பேரம் பேசுகிற குடும்பத்தில் பிறந்தவன். அப்பாவுக்கு ராசிபுரத்தில் பாக்கு மண்டி இருந்தது. அம்மா என்னைப் பெறப் போன அன்று, வலியோடு நின்று ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய் குறைத்துவிட்டுத்தான் ஏறினாள் என்பது எங்கள் வீட்டு வரலாறு. அப்படிப்பட்ட நான், மிளகு விற்ற அந்தம்மா சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டேன். தரம் பார்க்கிறேன் பேர்வழி என்று ஒரு மிளகைக் கடித்ததில் விக்கல் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தால் 'ஹிக்' தவிர வேறு விலை வரவில்லை.

அந்தம்மா தன் தூக்குப்போசியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். (இந்தத் தண்ணீரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கேட்பேன்.) பேரம் பேசாமல் காசு கொடுத்தவனை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. ஒரு பிடி மிளகு கூடப் போடலாம். விற்கிற விலைக்குக் கட்டாது. அதனால் ஒரு கதையைப் போட்டார்.

கொசுறை யாரும் தராசில் வைப்பதில்லை. ஆகவே இதில் உண்மை எத்தனை கிராம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆட்களின் பெயரையும் ஊர்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். தவளைகளை மாற்றவில்லை.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'ஈரநிலம் என்பது நிலத்திற்கும் நீருக்கும் இடைப்பட்டதோர்'

இதை முடித்திருந்தால் இந்நேரம் நீங்கள் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வந்தால், வெண்பனி போர்த்திய கொல்லிமலை'

பனியை விற்பதற்கு மலையில் ஏற்கெனவே நிறைய விடுதிகள் இருக்கின்றன. அவர்கள் பிழைப்பில் நான் எதற்குக் கை வைக்க வேண்டும்?

மூன்றாம் தொடக்கம்: பங்குனி மாதத்துக் காலை வெயிலில், அடுத்த ஊரின் ஒழுகல் குழாயடியில், ஒரு அலுமினியக் குண்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னக்கண்ணு தவளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

இது நிற்கிறது. இதோடு போவோம்.

3

சின்னக்கண்ணு என்பது மிளகு விற்ற அந்தம்மாவேதான். வெளியே 'அவர்', கதைக்குள் வந்ததும் 'அவள்'. கதை எழுதுகிறவர்களுக்கு இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. அந்தம்மா படித்தால் மன்னிக்க வேண்டும்.

அந்த மலையில் குண்டனி நாடு என்கிற வட்டாரத்தில் ஊத்துவளவு என்று ஒரு சிற்றூர். ஊருக்கு மேலே ஒரு பள்ளம். எப்போதும் கால் புதைகிற சதுப்பாக இருந்த பள்ளத்தில் வடிகால் வெட்டி, காயவைத்து, குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டார்கள். கிழங்கு நன்றாக வந்தது. பள்ளத்துக்குக் கீழே இருந்த குடிதண்ணீர் ஊற்று நன்றாக வற்றியது.

அப்போது ஒரு திட்டம் வந்தது. 'ஈரநில மீட்பு மற்றும் ஊரக மக்களின் காலநிலைத் தாங்குதிறன் மேம்பாட்டுத் திட்டம்.' பெயர் போர்டில் அடங்கவில்லை. கடைசி மூன்று எழுத்து போர்டின் பின்பக்கம் இருக்கிறது. வடிகாலை அடைத்து, வேலி போட்டு, கோரை வளரவிட்டார்கள். பள்ளத்தில் நிலம் வைத்திருந்த ஏழு குடும்பத்தில் முதல் கையெழுத்து சின்னக்கண்ணுவுடையது. தன் பேரிலிருந்த அரை ஏக்கரை, புருஷன் காளியண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்தக் கொடுத்தாள். அவளைப் பள்ளக் கமிட்டிக்குச் செயலாளர் ஆக்கினார்கள்.

* காளியண்ணனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். எதிர்த்துப் பேச ஒரு ஆள் கதைக்குத் தேவைப்படுகிறது என்பதற்காகவே அந்தம்மா இவரைக் கொஞ்சம் உப்புப்போட்டுச் சொன்னாரோ என்னவோ. மாட்டுத் தரகர், தோளில் துண்டு, வாயில் வெற்றிலை. ஆனால் கிழங்குக் குச்சிகளை வெட்டிக் கட்டுக்கட்டாய் வீட்டுச் சுவரோரம் நிழலில் சாய்த்து வைத்திருந்தார் என்பதை அந்தம்மா இரண்டு முறை சொன்னார். அதை நம்புகிறேன். இரண்டு முறை சொல்கிற பொய் கொசுறில் வராது.

குச்சி எதற்கு? ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. மூன்றாம் வருஷக் கடைசியில் மதிப்பீடு. நூற்றுக்கு அறுபதோ அதற்கு மேலோ வந்தால் பள்ளம் இன்னும் ஐந்து வருஷம் பள்ளமாகவே இருக்கும். ஒரு மார்க் குறைந்தாலும் வேலியைக் கழற்றிவிடுவார்கள். அவரவர் நிலம் அவரவருக்கு. காளியண்ணனும் மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் சித்திரையில் வடிகாலைத் திறந்து குச்சி நட்டுவிடுவார்கள். ஊற்று மறுபடி வற்றும். சின்னக்கண்ணு மறுபடி சிரட்டையை எடுத்துக்கொண்டு போய், ஒரு குடம் தண்ணீருக்கு அரை நாள் உட்கார்ந்திருப்பாள்.

மதிப்பீட்டில் முப்பது மார்க் தவளைக்கு. பள்ளத்து வரப்பில் நூறு அடி நடக்க வேண்டும். கண்ணில் படுகிற தவளையை எண்ண வேண்டும். அவ்வளவுதான்.

ஆடியில் வந்து எண்ணியிருந்தால் ஊத்துவளவுத் தவளைச் சத்தத்தில் ஆள் சொல்வதே காதில் விழுந்திருக்காது. ஆனால் ஆண்டுக் கணக்கு மார்ச்சில் முடிகிறது. இதைத் தவளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவை பங்குனி வெயிலுக்குச் சேற்றுக்குள் போய்ப் படுத்துவிட்டன.

4

அதனால்தான் சின்னக்கண்ணு மேலவளவுக்குப் போனாள். அவளுடைய அக்கா பெருமாயி வாக்கப்பட்ட ஊர். அங்கே குழாய் ஒன்று நாளெல்லாம் ஒழுகி, பக்கத்தில் குட்டை கட்டி, சேற்றுக்குள் போகாத சுற்றுவட்டாரத் தவளை முழுக்க அங்கே குடியேறியிருந்தது.

"அக்கோய், ஒரு அம்பது தவளை வேணும்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெருமாயி எதற்கு என்று கேட்கவில்லை. வியாபாரம் தெரிந்தவள்.

"எத்தன நாளைக்கு?"

"ரெண்டு நாளைக்கு. சனிக்கெழம கொண்டாந்து உட்டுடறேன்."

"அம்பது ஆவாது. முப்பது எடுத்துக்க."

"நல்லாருக்குது! எல்லாம் எங்க பள்ளத்துத் தவளைதான். வெயிலுக்கு உன்ற ஊட்டுக்கு விருந்தாட வந்திருக்குது."

"விருந்தாளின்னா மூணா நாளு கெளம்போணும். தை மாசத்துல இருந்து எங்க கொசுவத் தின்னு கொழுத்திருக்குது. பாரு ஒடம்ப."

"முதுகுல கோடு இருக்குது பாரு. கோடு போட்டதெல்லாம் எங்களுது."

"சரி, கோடில்லாதத வெச்சுட்டுப் போ."

சின்னக்கண்ணு குட்டையை ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் கோடு இருந்தது. நியாயப்படி அத்தனையும் அவளுக்குத்தான். ஆனால் அப்படிச் சொன்னால் அக்கா துடைப்பத்தை எடுப்பாள். அந்த வாதத்தை அங்கேயே விட்டாள்.

பெருமாயி பிடித்துப் பிடித்துக் குண்டாவில் போட்டாள். சின்னக்கண்ணு ஒன்றை எடுத்து வெளியே வைத்தாள்.

"அக்கா, இது தேரை."

"ரெண்டும் பங்காளிதான் புள்ள. இதுக்கு மேலு கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான்."

"வர்றவங்க படிச்சவங்க. தொட்டே கண்டுபுடிச்சிருவாங்க."

கடைசியில் நாற்பதில் நின்றது. ஒன்று கொசுறு. நாற்பத்தொன்று.

"வாடக?" என்றாள் பெருமாயி.

"அக்கா தங்கச்சிக்குள்ள வாடகையா?"

"அக்கா தங்கச்சிங்கிறதாலதான் கேட்டுட்டு வாங்கறேன். உங்க ஊத்துத் தண்ணி தெனம் ரெண்டு கொடம். ஆடி வரைக்கும். இந்தக் கொழாத் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குது."

"ஒரு கொடம்."

"ரெண்டு."

"ஒன்றரை."

"அரைக் கொடத்த எந்த இடுப்புல வெக்கறது?"

இரண்டு குடம் என்று முடிந்தது. சின்னக்கண்ணு குண்டாவின் வாய்க்குத் துணி கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். தலைக்கு மேல் நாற்பத்தொன்றும் ஒரே நேரத்தில் குதித்தபோதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனாள். எதிரே வந்தவர்கள் வழி விட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

* இந்தப் பேரத்தை மடித்துச் சட்டைப்பையில் வையுங்கள். எங்கள் மண்டியில் ஒரு சட்டம்: ஒரு பொருளை ஒருத்தர் கேட்டு, ஒருத்தர் பிகு பண்ணி, நடுவில் ஒரு இடத்தில் முடிந்துவிட்டால் அதுதான் அதன் மதிப்பு. இதற்கு மேல் ஒரு அதிகாரி வந்து மதிப்பிட என்ன இருக்கிறது? ஆனால் அதிகாரி வந்துவிட்டார்.

5

அமலோற்பவத்தை நான் முதலில் தப்பாக எழுதிவிட்டேன்.

முதல் பிரதியில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். குதிகால் செருப்புப் போட்டு, சேற்றில் விழவைத்து, ஊரே சிரிப்பதாக ஒரு பத்தி எழுதினேன். சிரிப்பு வரவில்லை. கீழிருந்து வருகிற அதிகாரி என்றால் சேற்றில் தள்ளுவது எழுதுகிறவனுக்குச் சுலபமான லாபம். சுலபமான லாபத்தில் எங்கள் அப்பாவுக்கு நம்பிக்கை இருந்ததில்லை.

அந்தம்மா சொன்ன அமலோற்பவம் வேறு. ஒப்பந்த அடிப்படையில் மதிப்பீடு செய்கிறவர். மணப்பாறைப் பக்கம். அடிவாரத்துக் காரவள்ளியில் சாப்பிட்ட இட்லியை முப்பத்தெட்டாவது வளைவில் திருப்பித் தந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, பள்ளத்து வரப்பில் இறங்கியவர்.

தவளைகள் அன்று காலையில்தான் வந்திறங்கியிருந்தன. ஊர் புதுசு. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், கொட்டின இடத்திலேயே நாற்பத்தொன்றும் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக, மேலவளவு இருந்த திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன.

அமலோற்பவம் நின்றார்.

"ஏங்க, எல்லாம் ஒரே எடத்துல உக்காந்திருக்கு?"

"எங்கூர்ல ஒத்தும ஜாஸ்திங்க மேடம்," என்றாள் சின்னக்கண்ணு.

"தொண்ணூறு அடிக்கு ஒண்ணுகூட இல்ல. கடைசிப் பத்தடியில நாப்பத்தியொண்ணு."

"கமிட்டிக் கூட்டமுங்க. நாங்களும் அப்படித்தானுங்க, மத்த நாள்ல யாரும் வர மாட்டோம்."

அமலோற்பவம் சிரித்துவிட்டார். சிரித்தாலும் போனில் நாற்பத்தொன்று என்று பதிந்தார். பிறகு மக்களிடம் கேள்வி கேட்கிற பகுதி. காளியண்ணன் வேலியோரம் வெற்றிலை மென்றபடி நின்றிருந்தார்.

"உங்க குடும்பத்தோட தாங்குதிறன் கூடியிருக்குன்னு நெனைக்கிறீங்களா?"

"மூணு வருசமா இவளத் தாங்கறேனுங்க. அதுக்கு எத்தன மார்க்குங்க?"

6

இங்கே கொஞ்சம் கணக்கு வரும். கையைக் காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு என்றால் ஒரு ஊரை மட்டும் பார்த்தால் போதாது. திட்டம் நடக்காத இன்னொரு ஊரையும் பார்த்து, இங்கே இத்தனை, அங்கே எத்தனை என்று வகுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து ஊராக ஒன்றைக் கீழே ஆபீசிலேயே தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள்.

மேலவளவு.

(அந்தம்மா இதைச் சொன்னபோது நான் மிளகுப் பையைக் கீழே போட்டுவிட்டேன்.)

மத்தியானம் அமலோற்பவம் மேலவளவில் நூறு அடி நடந்தார். ஒன்றும் இல்லை. குழாயடிக் குட்டையில் பார்த்தார். தேரை ஒன்று இருந்தது. தேரை கணக்கில் வராது. பூஜ்யம் என்று பதிந்தார். நாற்பத்தொன்றைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னதும் போன் சிவப்பாகி, 'இந்தப் பதிலை ஏற்க இயலாது' என்றது. இரண்டாம் முறை தட்டினார். மூன்றாம் முறை தட்டியபோது அணைந்தே போனது.

சின்னக்கண்ணு தப்பித்திருப்பாள். போன் கெட்டுவிட்டது என்று எழுதிவிட்டு அமலோற்பவம் பஸ் ஏறியிருப்பார். ஆனால் பெருமாயி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எங்கூருக்கு என்ன போட்டீங்க?"

"சைபருங்க. இங்க தவளையே இல்லீங்களே."

பெருமாயியின் முகம் போன போக்கை அந்தம்மா சோளக்காட்டு ரோட்டோரம் நடித்தே காட்டினார். தன் ஊரில் ஒன்றுமில்லை என்று ஒரு வெளியூர்க்காரி எழுதிக்கொண்டு போவதா? அதுவும் தங்கச்சி ஊரில் நாற்பத்தொன்று என்று எழுதின அதே போனில்?

"எங்களுக்கா இல்ல? எங்களுக்கா? நாப்பத்தியொண்ணு இருந்துச்சுங்க! கடன் கேட்டு வந்தாளேன்னு எறக்கப்பட்டுக் குடுத்தமுங்க! எழுதுங்க: மேலவளவு, தவளை நாப்பத்தியொண்ணு, இரவல்ல இருக்குதுன்னு எழுதுங்க!"

7

பெருமாயி முன்னால், அமலோற்பவம் பின்னால், இருவரும் வருவதைப் பார்த்ததுமே சின்னக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. ஓட இடமில்லை. ஓடுகிற ஆளும் இல்லை.

"அக்கா, நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"நீ எங்கூர சைபர் ஆக்கிட்டியேடி!"

அமலோற்பவம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "ஏக்கா இப்படிப் பண்ணுனீங்க? நான் இத எப்படி எழுதுறது?" என்றார். தன்னை மேடம் என்று கூப்பிடுகிறவர்களை அவர் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சின்னக்கண்ணு சொன்னாள்: "தவள பொய்யுங்க. தண்ணி நெசமுங்க. வந்து பாருங்க."

பள்ளத்துக்குக் கீழே ஊற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குடத்தை வைத்தாள். காளியண்ணனைக் கூப்பிட்டு, "அந்த வெத்தலைய வாயில போடு, துப்பாத," என்றாள். எதற்கென்று தெரியாமலே அவரும் போட்டார். மென்றார். அமலோற்பவம் குடத்தைப் பார்த்தார், காளியண்ணனின் கன்னத்தைப் பார்த்தார், மறுபடி குடத்தைப் பார்த்தார். காளியண்ணன் துப்பத் திரும்புவதற்குள் குடம் நிறைந்து வழிந்தது.

"மூணு வருசத்துக்கு முந்தி, பங்குனியில இதே கொடத்துக்கு அரை நாளுங்க. கேளுங்க அவரையே."

காளியண்ணன் வாய் நிறைய வெற்றிலை. இல்லை என்று சொல்லலாம். குச்சிக்கட்டு சுவரோரம் காத்திருக்கிறது. துப்பிவிட்டு, "ஆமாங்க," என்றார். "அது வாஸ்தவந்தானுங்க."

* இந்த இடத்தில் காளியண்ணன் மேல் எனக்கிருந்த சந்தேகம் போய்விட்டது. நான் கற்பனை செய்திருந்தால் அவரைப் பொய் சொல்ல வைத்திருப்பேன்.

அமலோற்பவம் ஒரு கை அள்ளிக் குடித்தார். மறுபடி உயிர் வந்திருந்த போனை எடுத்து வரைபடத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார்.

"இந்த ஊத்து திட்ட எல்லைக்கு வெளிய இருக்குக்கா. நாப்பது அடி."

"தண்ணிக்கு எல்ல தெரியாதுங்களே."

"ஃபாரத்துக்குத் தெரியுமே."

அப்போது பெருமாயி, யாரும் கேட்காமலே, குடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எது எப்படியோ, என்ற ரெண்டு கொடம் தெனம் வந்திரோணும். பேசினது பேசினதுதான்."

"எந்த ரெண்டு கொடம்?" என்றார் அமலோற்பவம்.

8

இனி முடிவு. கடையில் மூன்று வகை இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், தொட்டுப் பார்ப்பதற்குக் காசில்லை.

முதல் முடிவு இனிப்பு. அமலோற்பவம் கண் கலங்கி நூற்றுக்கு நூறு போடுகிறார், உடனே மழை வருகிறது, தவளைகள் பாடுகின்றன. இதை எடுத்துக்கொண்டால் இரவு நன்றாகத் தூக்கம் வரும்.

இரண்டாவது கசப்பு. மோசடி என்று எழுதிவிட்டுப் போகிறார், வேலி போகிறது, ஊற்று வற்றுகிறது, சின்னக்கண்ணு காலிக் குடத்தோடு மலையைப் பார்த்து நிற்கிறாள். இதற்குப் பரிசுகூடக் கிடைக்கலாம்.

மூன்றாவது: தவளைகள் கூட்டம் போட்டு மதிப்பீட்டாளரை மதிப்பிடத் தொடங்கு

வேண்டாம். எனக்கு வயதாகிவிட்டது.

நடந்ததாக அந்தம்மா சொன்னது இது. அமலோற்பவம் அந்தப் பேரத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டு, ஊற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து கூட்டினார். தவளைக்கு முப்பதில் ஒன்றும் கிடையாது. அதில் பேச்சே இல்லை. வேலி, கோரை, கமிட்டி மற்றதெல்லாம் ஐம்பதுக்கு நாற்பத்தைந்து. மீதி ஒரே ஒரு வரி: 'மதிப்பீட்டாளர் நேரில் கண்ட பிற சான்று, இருபதுக்குள்.' அதில் பதினைந்து விழுந்தால் பள்ளம் பிழைக்கும். பதினான்கு விழுந்தால் குச்சி.

எல்லைக்கு வெளியே ஒரு ஊற்று. எல்லைக்கு உள்ளே ஒரு குண்டாத் தவளை மோசடி. நடுவில், அந்தத் தவளைகளுக்காக அந்தத் தண்ணீரில் ஒரு அக்காக்காரி விட்டுக்கொடுக்காமல் பேசி வாங்கிய இரண்டு குடம் வாடகை. இதற்கெல்லாம் சேர்த்து எத்தனை?

"எத்தன போடுவீங்க?" என்றாள் சின்னக்கண்ணு.

"வாயால சொல்லக் கூடாதுக்கா. அனுப்புற வரைக்கும் ஊர்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சட்டம்."

சின்னக்கண்ணு புருஷனின் தோளிலிருந்து துண்டை உருவினாள். மாட்டுச் சந்தையில் நாலு பேருக்குத் தெரியாமல் விலை பேச, துண்டுக்கடியில் விரலைப் பிடிப்பார்களே, அந்தத் துண்டு. தன் கைமேல் போட்டு நீட்டினாள்.

மணப்பாறையில் வளர்ந்த பெண்ணுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அமலோற்பவம் கல்லிலிருந்து எழுந்தார். அக்கம்பக்கம் பார்த்தார். கையை உள்ளே விட்டார்.

துண்டு அசைந்தது. நின்றது. சின்னக்கண்ணு தலையை ஆட்டினாள். மறுபடி அசைந்தது. பெருமாயி எட்டிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷம் துண்டுக்குள் விலை பேசிய காளியண்ணன், முதல் தடவையாகத் தன் துண்டுக்கு வெளியே நின்று, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

அமலோற்பவம் கையை எடுத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

* தவளைகள் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றே கிளம்பித் தாமாக மேலவளவுக்குப் போய்விட்டன. பெருமாயி எண்ணிப் பார்த்தாளாம்: நாற்பத்துமூன்று. இரண்டு அதிகம். அந்த இரண்டும் நெசமாகவே எங்கள் பள்ளத்துடையது, அதற்காவது மார்க் உண்டா என்று சின்னக்கண்ணு அமலோற்பவத்துக்குப் போன் செய்தாள். பதில், சிரிப்பு மட்டும்.

9

"அப்புறம்? துண்டுக்குள்ள எத்தன?" என்று கேட்டேன். விக்கல் நின்றிருந்தது. பஸ் வந்து நின்றிருந்தது.

"அது கொசுறுல சேராதுங்க சாமி."

இன்னும் அரைக் கிலோ வாங்குகிறேன் என்றேன். ஒரு கிலோ என்றார். முக்கால் என்றேன். இந்த முறை வாய் திறந்தது; எங்கள் அப்பா மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முக்காலில் முடிந்தது.

"வாயால சொல்லக் கூடாதுங்க," என்று சொல்லி, மிளகு மூட்டையின் மேல் கிடந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டார். நான் கையை உள்ளே விட்டேன். அந்தம்மா என் விரல்களைப் பிடித்தார்.

ஆகவே எனக்குத் தெரியும். ஆனால் துண்டுக்குள் பேசியதை வெளியே சொன்னவன் சந்தையில் மறுபடி கால் வைக்க முடியாது. எனக்கு இன்னும் நிறைய மிளகு வாங்க வேண்டியிருக்கிறது.

ஞாபகம் வைக்கச் சொன்ன தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? வைகாசியில் தூக்குப்போசியில் குடித்தேனே, அதுதான். சில்லென்று இருந்தது. எந்த ஊற்று என்று ஜன்னல் வழியாகக் கத்திக் கேட்டேன். அதற்குள் பஸ் கிளம்பி, முதல் வளைவில் திரும்பிவிட்டது.

இதோ, இந்த வரிக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் விட்டிருக்கிறேன். துண்டு விரித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாரும் பார்க்கவில்லை, கையை உள்ளே விடுங்கள். அந்தம்மாவுக்குப் பதினைந்து வேண்டும்.

எத்தனை தருகிறீர்கள்?